நாலுக்கு ஆறு

அஸ்தம்பட்டியில் ஒரு மூட்டை சிமெண்ட்
ஒரு விலை.
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
ஒண்டிக்கடையில் இறங்கும்போது
வேறு விலை.
வளைவுக்கு இவ்வளவு என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
டெம்போக்காரர் மனசில் வைத்திருக்கிறார்.

சரிவில் எங்கள் வீடு, அதன் கீழே பெனடிக்டா வீடு.
நாங்கள் குளித்த தண்ணீர்
அவள் அடுப்படிச் சுவரில் வியர்த்தது.
இரண்டு மழைக்காலம் பொறுத்தாள்.
மூன்றாவதில் காரையே பெயர்ந்து
குழம்பில் விழுந்தது.

சவுரிமுத்து மேஸ்திரி டேப்பைப் பிரித்தார்,
ஒரு முனையை என்னிடம் கொடுத்தார்.
நான் நகர வேண்டியே இருக்கவில்லை.
நாலடிக்கு ஆறடி, கக்கூஸும் சேர்த்து.
"சின்ன இடம்தான் செலவு புடிக்கும், ஜெசிந்தா.
ஒருத்தன் குனிஞ்சா
இன்னொருத்தன் வெளிய போகணும்."

ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம்.
சீட்டை நாலாக மடித்து
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு
வேலைக்குப் போனேன்.

ரிசார்ட்டில் தினம் ஒன்பது குளியலறை கழுவுகிறேன்.
கதவைத் திறந்துபோட்டுத்தான் கழுவ வேண்டும்,
அது அங்கே விதி.
நூற்றி நான்கில் தொட்டியே நாலுக்கு ஆறு.
பனிமூட்டம் பார்த்துக்கொண்டே குளிக்க
சுவருக்குப் பதில் கண்ணாடி.
அன்றைக்குத் தொட்டிக்குள் இறங்கி நின்று
வாளி எங்கே வரும், கதவு எங்கே இடிக்கும் என்று
கையை நீட்டிப் பார்த்தேன்.
சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.
கறை போகவில்லை சார் என்றேன்.

மாசியில் தரையைப் பெயர்த்தார் மேஸ்திரி.
பங்குனியில் அவருக்கு நாகலூர்ப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே.
அப்புறம் கோடை விழா,
மலையில் ஒரு செங்கல் அசையாது.
ஐம்பத்தோரு நாள்
நானும் தனிஸ்லாசும் மகளும்
துண்டும் சோப்பு டப்பாவுமாக
பெனடிக்டா வாசலில்.
அவள் முகம் சுளிக்கவில்லை.
ஒருநாள் என் புது குக்கரைக் கேட்டாள்.
கொடுத்தேன்.
அது சீட்டில் இல்லை.

சீட்டில் இல்லாதது இன்னும் இருக்கிறது.
மணல் சுமந்த பையன்களுக்குப் பரோட்டா.
குழாய்க்குள் வேர் விட்டிருந்த சில்வர் ஓக்கை
அறுத்தெடுத்த கூலி.
ரபீக் வாங்கிவர மறந்த ஒரு எல்போ,
நாற்பது ரூபாய்ச் சாமான்,
அதற்காக மலை இறங்கி ஏறிய ஒரு முழு நாள்.
என் தோடு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பீரோவுக்குள் இருக்கிறது.
காதில் வேப்பங்குச்சி.

டைல்ஸ் விலை கேட்டபோதுதான் அழுதேன்,
அதுவரை இல்லை.
மேஸ்திரி பீடியை அணைத்தார்.
மறுநாள் ஒரு சாக்கோடு வந்தார்.
"மீந்தது. எங்கேன்னு கேக்காத."
கேட்கவில்லை. பார்த்ததும் தெரிந்தது.
சாம்பலில் வெள்ளைக் கோடு ஓடுவது நூற்றி நான்கு.
கடல் நீலம், நீச்சல்குளத்து ஓரம்.
காப்பிக்கொட்டை நிறத்தில் ஏழு மட்டும்,
அது எந்த மாடி என்பதில் எனக்கும் சந்தேகம்.
இவற்றின் கூடப்பிறந்தவற்றை
முழங்காலில் நின்று துடைத்திருக்கிறேன்.

ஆடி மாதத்து ஒரு ஞாயிறு,
பூசை முடிந்து வந்து
முதலில் யார் குளிப்பதென்று சண்டை.
நான் ஜெயித்தேன்.
ஹீட்டருக்குக் காசில்லை,
விறகடுப்பில் காய்ந்த வெந்நீரைத்
தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.
முதல் சொம்பு.
தண்ணீர் ஜாலிப் பக்கம் போகாமல்
எதிர் மூலைக்கு ஓடி
அங்கேயே நின்றது.

ஈரக்கையோடு போன் போட்டேன்.
"வாட்டம் லேசா மாறிருக்கும், ஜெசிந்தா.
தள்ளி விட்டுக்கோ.
உனக்குத் தெரியாததா."

அங்கே ஒன்பது.
இது பத்தாவது.
கதவைச் சாத்தி,
தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு,
மூலையிலிருந்து தள்ள ஆரம்பித்தேன்.