தெற்குச் சன்னலுக்கு முதுகு காட்டி

நவம்பர் கடைசியில் சூரியன் போனால்
நார்வேயின் இந்த வடகோடித் தீவுக்கு
ஜனவரி பாதியில்தான் திரும்பும்.
மணி அடிப்பவள் நான்.
ஆறரைக்குக் கயிற்றை இழுப்பேன்.
எட்டுப் பேர் இருட்டிலிருந்து இருட்டுக்கு நடந்து வந்து
விடிந்ததற்கு நன்றி பாடுவோம்.
விடிந்திருக்காது.
வந்த புதிதில் அந்த வரி
மீன்முள்ளாய்த் தொண்டையில் நின்றது.
“வேறெங்கோ விடிந்திருக்கும், பாடு”
என்றாள் பெர்க்லியோட், மூக்கைச் சிந்திக்கொண்டே.

இந்த வருடம்
உருளைக்கிழங்குக் கிடங்கின் கதவைத்
திறந்து போட்டது யார்?
நானில்லை. பொகுமிலா நானென்கிறாள்.
நாற்பது கிலோ உறைந்து, பிறகு இளகிக் கூழானது.
பதினோரு நாள் நாங்கள் பேசவில்லை.
உப்பைக்கூட மூன்றாவது ஆளிடம் கேட்டு வாங்கினோம்.

மணி அடித்துவிட்டால் மட்டும்
எதிரும் புதிருமாய் நிற்கவேண்டும்.
திருப்பாடலில் ஓர் அடி அவர்கள் வரிசைக்கு,
அடுத்தது எங்களுக்கு.
அவர்கள் பகைவரைப் பற்றி முறையிடுவார்கள்,
அவள் கண் என்மேல் இருக்கும்.
நாங்கள் அதே பகைவரை
அந்தப் பக்கமே திருப்பி அனுப்புவோம்.
அடிக்கு நடுவே ஒரு மூச்சளவு மௌனம்.
அவள் இடது நாசி அடைத்திருப்பது
எனக்குத் தெரியும்.
ஒரு நாளைக்கு ஏழு முறை
அவள் மூச்சு முடியக் காத்திருந்தேன்.

ஒரு நாள் வேண்டுமென்றே
இரண்டு நிமிடம் தாமதித்து அடித்தேன்.
மணி கேட்டுத்தான் அவள் அடுப்பிலிருந்து
கஞ்சியை இறக்குவாள்.
கருகியது.
எட்டுப் பேரும் சாப்பிட்டோம், நானும்.
படகுத்துறையில் ஹால்வார்ட் கேட்டான்,
“இன்று உங்கள் கடவுளுக்குத் தூக்கமோ?”
அவன் கோயிலுக்கே வராதவன்,
எங்கள் மணிக்குக் கைக்கடிகாரத்தைத் திருப்பிவைப்பவன்.

ஜனவரி பதினைந்து, நண்பகல் செபம்.
குட்டையான செபம், பசி நேரம்.
தெற்குச் சன்னல் என் முதுகுக்குப் பின்னால்.
பாதி அடியில் அவர்கள் வரிசை நின்றது.
நால்வரும்,
யாரோ கயிற்றைப் பிடித்து நிறுத்தியதுபோல்.
பொகுமிலாவின் வாய் திறந்தே இருந்தது.
அவள் கண்ணாடியில்
நகக்கண் அளவில் இரண்டு,
செம்மஞ்சள்,
நடுங்கிக்கொண்டு.

நான் திரும்பவில்லை.
யாராவது பாடவேண்டுமே.
அவள் விட்ட மீதி அடியை எடுத்தேன்,
என் குரலுக்கு அது கொஞ்சம் கீழே.
பிறகு எங்களுடையதையும்.
பெர்க்லியோட் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்,
தப்பான சுருதியில்.

நான்கு நிமிடம் இருந்ததாம்.
சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம்
அவள் கையிலிருந்து நேராக என் தட்டருகே வந்தது.
வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கதவைத் திறந்து போட்டது
நானில்லை.