தாள் கம்பம்

செந்தூல் பிளாட்டில் பதினோராவது மாடி.
டிவியைத் தரையில் இறக்கிவிட்டு
அந்த மேசையில் ஒரு கம்பம் கட்டுகிறோம்.
கட்டுகிறோம் என்றா சொன்னேன்?
பகலெல்லாம் நான் கிளினிக்கில்,
இரவெல்லாம் அவர் ரயில் தண்டவாளத்தில்.
ஒருவர் தூங்கும்போது மற்றவர் வெட்டி ஒட்டுகிறார்.

வீடுகள் அத்தனையும் மருந்துப் பெட்டிகள்.
காய்ச்சல் மாத்திரை வந்த அட்டையை
உள்ளது வெளியாகத் திருப்பி மடித்து
ஜன்னலுக்கு எண்ணெய்த் தாள் ஒட்டினால்
வெளிச்சம் மஞ்சளாகக் கசிகிறது.
குனிந்து எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும்
சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று வேளை.

பதினேழாம் தேதியிலிருந்து பேச்சில்லை.
இருபத்து நாலாம் தேதி இரவு வேலைக்கு
என்னைக் கேட்காமல் கையைத் தூக்கிவிட்டு வந்தார்
கழுத்து அட்டையில் சிரிக்கும் மிஸ்டர் செபமாலை.
மூன்று பங்கு சம்பளமாம்.
நடுச்சாமப் பூசையில் என் பக்கத்து நாற்காலியில்
மூன்று பங்கை உட்கார வைக்கவா என்றேன்.
நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

மறுநாள் கூரைகளில் பனி போட்டேன், கிளினிக் பஞ்சு.
வேலை முடிந்து வந்து பார்த்தால் பஞ்சைக் காணோம்.
கூரைக்கு மேலே குச்சி கட்டி
வெள்ளி ஜிகினா நூல்களைத் தொங்க விட்டிருக்கிறார்.
மழையாம்.
சரிதான், டிசம்பரில் இங்கே வேறென்ன பெய்யும்.
காற்றாடியை மூன்றில் வைத்தால்
சாய்ந்து பெய்கிறது.

நான் கோவில் கட்டினேன், சற்றுக் கோணலாக.
அவர் தண்டவாளம் போட்டார்.
தீக்குச்சிகள், ரொட்டிப் பையின் கம்பி,
குச்சிக்குக் குச்சி மயிரிழை பிசகாத இடைவெளி.
கோவில் வாசலை உரசிக்கொண்டே போகிறது,
வேண்டுமென்றேதான்.
மைதாப் பசைக்கு எறும்புகள் வந்தன.
கம்பத்தின் முதல் குடிகள். விரட்டவில்லை.

இருபத்து மூன்றாம் தேதிதான் தெரிந்தது,
ஊரையே தப்பான அளவில் கட்டியிருக்கிறோம்.
போன வருஷத்துத் துணியைப் பிரித்துச்
சூசையப்பரை எடுத்து நிறுத்தினேன்.
மாத்திரைப் பெட்டிக் கூரை அவர் இடுப்புக்கு வருகிறது.
மாதா மண்டியிட்டபடியே
கோவில் மணியைத் தொட்டுவிடுவாள்.
எந்த வாசலிலும் நுழைய மாட்டார்கள்.
எல்லா வீட்டிலும் விளக்கெரிகிறது, இடம்தான் இல்லை.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சொல்லிச் சிரிக்க ஆள்
உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.
இருவரையும் சுவரோரம் சாய்த்துவிட்டுப் படுத்தேன்.

பூசை முடிந்து, கிராப் பிடித்து, தனியாக லிஃப்ட் ஏறி
ஒன்றே முக்காலுக்கு விளக்கைப் போட்டால்
கம்பத்தின் கோடியில் புதுக் கட்டடம்.
அவருடைய வேலை பூட்ஸ் வந்த பெட்டி.
ஒரு பக்கத்தை முழுசாக வெட்டித் திறந்து
இருவரையும் உள்ளே நிறுத்தியிருக்கிறார்.
தலைக்கு மேல் இரண்டு விரல் இடம் மிச்சம்.
நெற்றியில் ஒட்டிய பூட்ஸ் அளவை அப்படியே விட்டதில்
ஒன்பதாம் நம்பர் வீடு.
அவரும் சிரித்திருப்பாரோ,
நான் வேலைக்குப் போன வீட்டில், ஒற்றையாய்?

அப்புறம்தான் கவனித்தேன், தண்டவாளத்தில் ஒரு மனிதன்.
நக அளவு. ஜூஸ் டப்பாவில் வெட்டிய ஆரஞ்சுச் சட்டை,
கையில் ஈயத் தாள் டார்ச்.
எல்லாவற்றுக்கும் முதுகு காட்டி
இருட்டுப் பக்கம் பார்த்து நிற்கிறான்.
திருப்பி வைக்கப் பார்த்தேன்.
பசை பிடித்துவிட்டது, கால் கிழிந்தது.
கைப்பையில் பிளாஸ்டர் இருந்தது.
ஒரு துண்டு வெட்டிக் கட்டுப் போட்டு
ஒன்பதாம் நம்பரைப் பார்க்க நிறுத்தினேன்.
சற்று நொண்டுவான்.

ஐந்தே முக்காலுக்குச் சாவி திரும்பும்.
மைலோவுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும்.
முதலில் என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை.
குழந்தை இன்னும் காலித் தீப்பெட்டிக்குள்
என் மடியில்தான் இருக்கிறது.
வைக்கிற முறை யாருடையது,
தெரியவில்லை.