புள்ளிக் கணக்கு

கோயிலிலிருந்து வந்தவர் பேரேட்டைப் பிரித்து
தம்பி வீட்டில் மூன்று புள்ளி என்றார்.
தம்பியும் பெண்டாட்டியும் ஒன்று,
மணமான மகன்கள் இருவர் இரண்டு.
காப்பித் தம்ளரோடு கதவருகே நின்ற நான்
எந்தப் பத்தியிலும் விழவில்லை.
அவர்மேல் தப்பில்லை.
எந்தக் கருவிக்கும் தெரியாத ஒன்று உண்டு.

இருபத்தொரு வருஷம் மலைக்கு அடியில் இருந்தேன்,
வேற்று நாட்டு மலை, ஈரக்கல் வாடை.
ஒரு துகள் சிதையுமென்று காத்திருந்தோம்
முந்நூற்றுப் பத்துப் பேர், முறைவைத்து விழித்து.
சிதையவில்லை.
கட்டுரையில் ஆசிரியர் பட்டியலே நாலு பக்கம்;
மூன்றாவதில், வரியின் நடுவே, நாச்சம்மை.
"என்ன ஆச்சி, கண்டுபிடிச்சாச்சா?"
"இல்லைன்னு கண்டுபிடிச்சோம்."
"இல்லாததுக்கா இவ்வளவு செலவு?"
தொண்ணூறு சதவீத உறுதியோடு இல்லை என்று
தம்பிக்கு விளக்கப் போன் காசு போதவில்லை.

இப்போது காரைக்குடி. கல்லூரி மாடியில்
கறுப்பு டேப் சுற்றிய இரண்டு சின்டிலேட்டர் தகடுகள்.
மேல் தகடும் கீழ்த் தகடும் ஒருசேரச் சொன்னால்
ஒரு மியூவான்.
ஒன்று மட்டும் சொன்னால் வதந்தி.
எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் பதினாலு பேர்,
பாதிப் பேர் மேசைக்கடியில்
வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.
அதையும் நான் எண்ணுவதில்லை.

ஆவணியில் எண்ணிக்கை ஏறியது.
எல்லா நாளும் இல்லை, சில ராத்திரி மட்டும்:
ஏழுக்கு ஏறும், பத்தரைக்கு இறங்கும்.
காற்றழுத்தம் பார்த்தேன்.
சூரியனில் புள்ளி உண்டா என்று பார்த்தேன்.
மின்னழுத்தத்தை ஐந்து வோல்ட் குறைத்தேன்.
சொல்ல வெட்கம்,
கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

அடைக்கலமேரி, தேவகோட்டைப் பஸ்ஸில் வருபவள்,
வகுப்பில் வாய் திறக்காதவள்,
தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை
முதுகில் கணக்குப் போடச் சேர்த்துவைத்திருப்பாள்.
அவற்றை என்முன் சீட்டுக்கட்டாய்ப் பரப்பினாள்.
"மேம், ஏறின நாள் பூரா சுபமுகூர்த்தம்."

பின்சுவருக்கு அப்பால் கல்யாண மண்டபம்.
ஜெனரேட்டர் பொறி, சீரியல் பல்பு, நாயனக்காரர் மைக்,
எல்லாம் ஒரே எர்த் கம்பி வழியே வந்து
என் இரண்டு தகடுக்கும் ஒருசேர
ஆம் ஆம் என்றிருக்கின்றன.
அவள்தான் முதலில் சிரித்தாள்.
நான் நிறுத்த நேரமாயிற்று.

மரத்தடியில் புதுக்குழி வெட்டி
உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி
எங்களுக்கென்று தனி எர்த் போட்டோம்.
நேற்றும் முகூர்த்தம். நிமிஷத்துக்கு நூற்றுமூன்று,
கொஞ்சம் கூடக் குறைய.
மாப்பிள்ளை தலைமேலும் இலை எடுப்பவர் தலைமேலும்
அதே வீதத்தில்தான் விழுந்திருக்கும்.

கெட்டுப்போன ராத்திரிகளை அழிக்கவில்லை.
நோட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே
மேரியின் குண்டு எழுத்தில் இருக்கிறது:
கல்யாணம். கணக்கில் சேராது.
கீழே தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.