மேல்முனைக்கு முன்

புதுப்பேட்டையில் மே மாதம்.
லேத்தின் கைப்பிடியே சுடுகிறது.
சிலிண்டர் ஹெட்டை சக்கில் பிடித்து
ஒரு மில்லி சீவினேன்.
அலுமினியச் சுருள் செருப்பில் ஒட்டிக்கொண்டு
டீக்கடை வரை கூடவே வந்தது.

மருந்துக்கடை சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றி
பிளக் ஓட்டை வழியே விட்டு அளந்தேன்.
பத்து புள்ளி ஒன்பது சிசி குடித்த குழி
எட்டு புள்ளி ஒன்பதிலேயே வழிந்தது.
ரசீதின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தால்
பத்துக்கு ஒன்றாய் அமுங்கிய காற்று
இனி பன்னிரண்டுக்கு ஒன்று.
கிக்கரை மிதித்த தணிகைவேலின் முழங்காலுக்கு
அந்தக் கணக்கு உடனே புரிந்தது.
"இன்னாய்யா, உள்ள பேயை அடைச்சிட்டியா?"

"டைமிங்கைப் பின்னால தள்ளு" என்றேன்.
"ரெண்டு மில்லியிலதான் போன வருசம் ஓட்டினோம்" என்றான்.
போன வருசம் ஹெட் வேறு.
போன வருசம் இந்த வாய்க்குள்
நான் இத்தனை திணிக்கவில்லை.

பிஸ்டன் மேல்முனையைத் தொட
இன்னும் இரண்டு மில்லி இருக்கையில்
பொறி விழும்.
சுடர் பரவ நேரம் பிடிக்கும்,
சோறு வருமுன் இலை போடுவதுபோல
கொஞ்சம் முந்திக்கொள்ளத்தான் வேண்டும்.
ஆனால் இறுக்கிக் கட்டிய கலவை
பாதிச் சொல்லிலேயே பற்றிக்கொள்ளும்.
மிச்சம் மூலையில் நின்று
தானாக வெடிக்கும்.
இறங்குகிறவனைத் தள்ளவேண்டிய கை
ஏறுகிறவன் மண்டையில் விழும்.

இதையெல்லாம் நான் அவனிடம் சொல்லவில்லை.
அவனுக்குத் தெரியும்.
தெரிந்தும் ஸ்டேட்டர் தட்டை அசைக்காமல்
ஸ்க்ரூ மேல் மஞ்சள் பெயின்ட் புள்ளி வைத்தான்.
அதன்பின் நாலு நாள்
ஸ்பேனரைக்கூட மேசையில் வைத்துத்தான்
ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டோம்.

இருங்காட்டுக்கோட்டை. சனிக்கிழமை பிராக்டிஸ்.
தார் மேல் காற்று நெளிந்தது.
ஆறாவது சுற்றிலேயே உள்ளே வந்த ஜெனிபா
ஹெல்மெட்டைக் கழற்றாமல் கத்தினாள்:
"நேர் ரோடு முடியற இடத்துல
யாரோ தகர டப்பாவுல பட்டாணி போட்டுக்
குலுக்கறாங்க.
அது உங்க ரெண்டு பேர்ல யாரு?"

பிளக்கைக் கழற்றினேன், விரல் பொசுங்கியது.
அம்பத்தூர் கம்பெனியில் பேரிங் சோதிக்கும் பூதக்கண்ணாடியை
அவளே பையிலிருந்து எடுத்துத் தந்தாள்.
வெள்ளைப் பீங்கானில்
மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பு,
நடுநடுவே வெள்ளிப் பொடி.
அது பிஸ்டன்.
இன்னும் இரண்டு சுற்று போயிருந்தால்
பொடியாக வந்திருக்காது.

தணிகை எதுவும் பேசவில்லை.
தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து
டயல் கேஜை இறக்கி
மஞ்சள் புள்ளியை நகத்தால் சுரண்டினான்.
ஒன்று புள்ளி ஒன்பது.
எட்டு.
ஏழில் நிறுத்தி என் பக்கம் பார்த்தான்.
நானும் வாயைத் திறக்காமல்
பாயிண்ட் மூணு மில்லி செப்புத் தகட்டில் வெட்டிய கேஸ்கெட்டை
ஹெட்டுக்கு அடியில் வைத்தேன்.
சீவி எடுத்ததில் கால்பங்குக்கு மேல்
திருப்பிக் கொடுத்தாயிற்று.
"பதினொண்ணே கால் இருக்குமா?"
நாலு நாளில் அவன் கேட்ட முதல் கேள்வி.
"இருக்கும்."
அவன் ஸ்பேனரை நீட்டினான், என் கையில்.

ஞாயிறு நாலாவதாக வந்தாள்.
மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம்.
ஆனால் கடைசி ஐந்து சுற்றிலும்
நேர் ரோட்டு முனையில் நின்று கேட்டேன்:
துணிக்கடைக்காரர் புதுத் துணியைக்
கிழிப்பதுபோல் ஒரே சீரான சத்தம்.
பட்டாணி இல்லை.

பூந்தமல்லி தாண்டுகையில் கோடைமழை பிடித்தது.
குட்டியானையின் ஜன்னல் வழியே கையை நீட்டி
தணிகை சொன்னான்,
"காத்து குளுந்துடுச்சு. இப்போ ஒண்ணு எட்டு தாங்கும்."
நான் அந்தச் செப்புத் தகட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்,
பாதி கனத்தில் ஒன்று வெட்டினால் என்ன என்று.
"கேஸ்கெட்ட மாத்தினா..." என ஆரம்பித்தேன்.

இருவருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்த ஜெனிபா
கண்ணைத் திறக்காமல் சொன்னாள்,
"வீடு வர்ற வரைக்கும்
ரெண்டு பேரும் வாயை மூடுங்க."