பேனா மூடி

மண்டபம் கிளையில் மூன்றாவது கவுண்டர்.
இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில்
‘நம்பு’ வரைக்கும் எழுதியிருந்தேன்.
லுங்கி கட்டிய ஒருவர் பேனா கேட்டார்.
கொடுத்தேன்.
மூடி என் கைக்குள்ளேயே இருந்ததை
அப்புறம்தான் கவனித்தேன்.

“பேனாவக் குடு, மூடியக் குடுக்காத.
மூடியில்லாத பேனா ஊர் தாண்டாது”
என்பாள் அம்மா.
ஓரெழுத்தும் எழுதத் தெரியாதவள்.
எந்த வரிசையில் நின்று கற்றாளோ.

எதையும் அவள் உட்கார்ந்து சொன்னதில்லை.
தீவுக்குப் போகும் வல்லத்தில்
விரல் விரலாகக் கந்தல் சுற்றி
முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டே சொல்வாள்.
பாதி விளங்காது.

மூச்சு முட்டின பெறகு மேல வராத,
முட்டுறதுக்கு முந்தி வா.
இன்னும் ஒரு பிடின்னு தோணும்,
அந்த ஒரு பிடிதான் ஆளை இழுக்கும்.
மரிக்கொழுந்தக் கிள்ளு, பிடுங்காத,
அதே பாறைக்குத்தான் மறுபடி போகணும்.
தராசுக்காரன் பேச்சுக் குடுத்தா
முள்ளப் பாரு, மூஞ்சியப் பாக்காத.

எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன்.
சொறி பட்ட காலுக்கு மண்ணெண்ணெய் தடவினாள்;
தழும்பு இருக்கிறது.
படித்தவன் கை நீட்ட மாட்டான் என்றாள்.
நீட்டினான்.
முதல் பஸ்ஸில் பரமக்குடி வந்து
வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல்
“நான் சொன்னது தப்பு, பெட்டிய எடு” என்றாள்.
அவ்வளவுதான்.
திரும்பும் வழியெல்லாம்
ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள்.

ஒருத்தரையும் நம்பாதே என்று வளர்த்தவள்.
பதினாறாம் நாள் முடிந்து
மூன்று பெண்கள் வந்தார்கள்.
காலேஜ் பீசுக்கு வாங்கியது என்றாள் ஒருத்தி,
வலைக்கு என்றாள் இன்னொருத்தி,
மூன்றாமவள் எதற்கென்று சொல்லவில்லை.
அம்மா எங்கும் எழுதி வைக்கவில்லை.
எண்ணி வாங்கினேன், இரண்டு முறை.
வராதவர்கள் எத்தனை பேரோ.

“இவங்களா?
இவங்க ரேகைதான் விழவே விழாதே”
பாஸ்புக்கைத் திருப்பினார் கிளார்க்.

ஆமாம்.
முப்பது வருஷப் பாறை
விரல் நுனியை வழித்துவிட்டிருந்தது.
ரேஷன் கடை மெஷின் ஒவ்வொரு மாதமும்
சிவப்பாக எரியும்.
முந்தானையில் துடைப்பாள்,
வாயால் ஊதுவாள்,
திரும்ப வைப்பாள்.
கடைசியில் அந்தப் பெட்டியிடமே
“நான்தான்யா, நம்பு” என்பாள்.
பெயரைச் சொன்னாளா,
கெஞ்சினாளா?
வரிசை சிரிக்கும்.
நானும் சிரித்திருக்கிறேன்.

லுங்கிக்காரரைக் காணோம்.
பேனாவையும்.
கிளார்க் தன் பேனாவைக்
கண்ணாடிக்குக் கீழே தள்ளினார்.
மூடியை அவர் வைத்துக்கொண்டார்.

மீதியை எழுதினேன்:
நாயகி.