காற்றுப் போன சில்லு

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள்.
தரைக்கு முதல் என் பெருவிரல்.
வன்னிவிளாங்குளத்திலிருந்து மல்லாவிக்கு
நாலரைக்கு வெளிக்கிடுகிறேன்,
கரியரின் இரு பக்கமும் பால் கான்,
காலில் பாட்டாச் செருப்பு.

மிதிக்கிற காலுக்குச் சூடு வரும்தானே என்கிறார்கள்
மிதிக்காதவர்கள்.
வரும், முழங்கால் வரைக்கும்.
அதற்குக் கீழே வேறொரு நாடு.

முதலில் சொப்பிங் பை கட்டிப் பார்த்தேன்.
அதன் சரசரப்புக்குச்
சங்கக்கடையடி நாய்கள் அத்தனையும் எழும்பி
என்னைப் பாலம் வரை கொண்டுபோய் விட்டன.
உள்ளே வியர்த்து, வியர்வை குளிர்ந்து,
ஐஸ்பெட்டிக்குள் கிடக்கும் பாரைக்குட்டிகள் இரண்டு
என் காற்சட்டைக்குக் கீழே.

பிறகு பேப்பர்.
கைக்கு வந்தது மரண அறிவித்தல் பக்கம்.
யாரோ ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் நெற்றி
என் குதிக்காலில்.
மன்னிக்க வேண்டும் ஐயா என்று
மிதிக்கு மிதி சொல்லிக்கொண்டு போனேன்.
பனிப்புல்லில் நனைந்து அவர் மை
என் தோலில் ஒட்டி
இரண்டு நாள் போகவில்லை.

சிறியண்ணன் ஸ்காபரோவிலிருந்து கம்பளி மேசு அனுப்பினான்.
இங்கே மைனஸ் இருபது, உனக்கென்னடி குளிர் என்று
வாட்ஸ்அப்பில் சிரித்தவன்தான்.
அவனுடையது காய்ந்த குளிர்.
எங்களுடையது ஈரச்சீலை,
பிழிந்து போடாமல் அப்படியே மேலில் போர்த்துவது.
செருப்பு வாருக்கு விரலிடுக்கில் இடம் வேண்டுமென்று
மேசின் மூக்கைக் கத்தரிக்கோலால் வெட்டினேன்.
அவனுக்குச் சொல்லவில்லை.
குளக்கட்டுப் புல் முடிவதற்குள் இரண்டும்
ஆளுக்கு அரைக் கிலோ தண்ணீர் குடித்திருந்தன.

ஒருநாள் கிரவல் றோட்டு நடுவில்
யானை லத்தி, ஆவி பறக்க.
சத்தியமாகச் சொல்கிறேன்,
இறங்கி ஒருதரம் காலை வைத்துவிட்டுப் போகலாமா
என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஆவி பறந்தால் ஆள் பக்கத்தில் என்பது
இரண்டாவதாகத்தான் வந்தது.
அன்றைக்குக் கால் நன்றாகச் சுட்டது.

யதுசிகா சந்தியில் நின்றாள்.
பத்தாம் வகுப்பு, ஐந்தரைக்குக் கணித ரியூசன்.
சில்லுக்குக் காற்றுப் போச்சு அக்கா, ஏத்துங்கோ என்றாள்.
கரியரில் குந்தி, செருப்பைக் கழற்றி மடியில் வைத்து
வெறும் பாதங்களைக் கான்களில் அழுத்தினாள்.
கறந்து அரை மணித்தியாலம் ஆகாத பால்.
ஐயோ என்றாள்,
நோவுக்குச் சொல்கிற ஐயோ இல்லை.
வலக்காலில் அவளுக்கு இரண்டு விரல் இல்லை.
ஒரு வயதில் போனது.
எப்படி என்று இந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

இத்தனை மாரியும் இந்தச் சூட்டை
என் முதுகுக்குப் பின்னால் நானேதான் இழுத்திருக்கிறேன்,
என் கால் எட்டாத இடத்தில்.

மறுநாளும் சில்லு ஒட்டவில்லை.
அதற்கு மறுநாள் ஒட்டுகிறவர் கலியாணவீட்டுக்குப் போய்விட்டார்.
நாலாம் நாள் கடையில் சொலூசன் முடிந்துபோயிற்று.
ஐந்தாம் நாள் பின்னேரம் அவர்கள் வேலிக்குள்ளால் பார்த்தேன்:
தாய் அந்தச் சைக்கிளில்
ஒரு கட்டு விறகு ஏற்றி வந்து இறக்குகிறாள்.
சில்லு இரண்டும் கல்லுப் போல.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
நாற்பது கிலோப் பிள்ளை, இருபது லீற்றர் பால்,
பாலத்தடியில் முகத்தில் அடிக்கும் வாடை.
எழும்பி நின்றுதான் மிதிக்க வேண்டியிருக்கிறது.
மிதித்தால் சுண்டுவிரல் நுனிவரை
இரத்தம் இறங்குவது தெரிகிறது.
பின்னால் அவள் சமன்பாடு ஒன்றை முணுமுணுக்கிறாள்,
நடுவில் மறந்து, ச்சீ என்று
முதலிலிருந்து தொடங்குகிறாள்.

பால் நிலையத்தில் கனகேந்திரன்
மானியை இறக்கிப் பார்த்தார், கானைத் தொட்டுப் பார்த்தார்.
வலப்பக்கத்தது ஏன் கொஞ்சம் கூட ஆறியிருக்கு?

பனி என்றேன்.