வேலியில் மூணு முழம்

சேர்வலாறு பவர்ஹவுஸுக்குப் பின்னால்
டிரான்ஸ்பார்மர் முற்றத்தின் மேற்கு வேலியில்
மூணு முழத்துக்கு ஏறிப் படர்ந்திருக்கிறது செந்தட்டி.
தொட்டவன் அன்று முழுக்கச் சொறிவான்.
ஆபரேட்டர் மாசானம் அதற்கு வைத்த பெயரை
இங்கே எழுத முடியாது.

ஆனி பிறந்து முதல் சாரல் இறங்கிய ராத்திரி
இலையின் அடிப்பக்கம் டார்ச் அடித்தேன்.
சுணைகளுக்கு நடுவே
கடுகில் பாதி, வெளிறிய பச்சையில்
ஒன்பது முட்டை.
எப்படி உட்கார்ந்தாள் அவள்,
ஆறு காலையும் எங்கெங்கே ஊன்றினாள்?

ஐந்தாம் நாள் மயிரிழைப் புழுக்கள்.
முதலில் முட்டைத்தோட்டைத் தின்றன.
பிறகு சுணையின் அடியை மென்று சாய்த்தன.
பிறகு இலை.
நைட் ஷிப்டில் ரீடிங் எழுதுவேன்:
பதினோரு கிலோவோல்ட், சரி.
ஆயில் வெப்பம், சரி.
புழு, ஆறு.
கடைசி வரி மட்டும் பென்சிலில்,
விடிவதற்குள் அழித்துவிட.

ஆறு நாலானது குளவியால்.
நாலு மூன்றானது, ஏனென்று தெரியவில்லை.
மிஞ்சியவை இலையோரத்தை நூலால் இழுத்து மடித்து
உள்ளே தோலுரித்தன,
குடியிருந்த வீட்டையே தின்று
அடுத்த இலைக்குக் குடிபோயின.

ஆடிக் கடைசியில் பெரிய இன்ஜினியர் வருகிறாரென்று
பேச்சிதுரை அரிவாளோடு வந்தான்.
உண்ணிச்செடியை வெட்டினான், நாயுருவியை வெட்டினான்,
செந்தட்டி முன்னால் நின்றான்.
‘அண்ணாச்சி, இதுக்குத் தனிக் கூலி உண்டா?’
‘இல்ல.’
‘அப்போ கெடக்கட்டும் சனியன்.’
பூச்சியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
சொன்னால் சிரித்திருப்பான்,
இல்லை, வெட்டியிருப்பான்.

வேரடியில், சருகுக்கும் மண்ணுக்கும் இடையில்
நனைந்த புளியங்கொட்டை நிறத்தில்
ஒரே ஒரு கூட்டுப்புழு.
விரல் பட்டதும் வால்நுனியை அசைத்தது.
பழையபடி மூடினேன்.
கை ரெண்டு நாள் தடித்துக் கிடந்தது.

ஆவணியில் ஒருநாள், காலை மூன்றரைக்கு
கண்ட்ரோல் ரூம் ட்யூப்லைட்டுக்குக் கீழே
சுண்ணாம்புச் சுவரில் ஒரு பூச்சி.
பழைய அலுமினியச் சட்டியின் நிறம்,
ஓரத்தில் துருக்கோடு.
அதுதானா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.
பல்லி ஒரு சாண் தள்ளி.

பேனாவை வைத்துவிட்டு
லைட்டை அணைத்தேன்.

டர்பைன் ஓடிக்கொண்டிருந்தது.
இருட்டில் ஏதோ ஒன்று
காதோரம் உரசிப் போய்
மேற்கு ஜன்னலைக் கண்டுபிடித்தது.

லாக் புத்தகத்தில் மூன்றரை மணி வரி
இன்னும் காலியாக இருக்கிறது.
கேட்டால் கரண்ட் இல்லை என்பேன்.
பவர்ஹவுஸிலா என்று
கேட்பார்கள்.